தினம் ஒரு முழம்

ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள் காலையில் மணற்பாடித் தையல்காரி தமயந்தியின் கழுத்தில் கிடந்த மஞ்சள் கயிறு ஒரு முழம் வளர்ந்திருந்தது. அதற்கு மறுநாள் இன்னொரு முழம். மூன்றாம் நாள் பாயை விட்டு எழுந்தவளின் காலில் கயிறு சிக்கி, விழப்போய், "சனியனே" என்று திட்டி, திட்டியது எதை என்று உறைத்ததும் நாக்கைக் கடித்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, தையல் மெஷின் மேலிருந்த டேப்பை எடுத்து அளந்து பார்த்தாள். சரியாக மூன்று முழம். பிடரியில் விழுந்த மூன்று முடிச்சுக்குக் கீழே, வால் போலத் தொங்கும் நுனியிலிருந்துதான் வளர்ந்திருந்தது. இப்போதுதான் மஞ்சள் பூசிக் காயப்போட்ட மாதிரி ஈரவாசனை அடித்தது.

"இப்ப என்ன பண்றது பொன்னு?" என்றாள்.

அடுப்பில் பால் பொங்கக் காத்திருந்த பொன்னரசி திரும்பிப் பார்த்து, "வளர்ந்தா வெட்டணும். முடி வளர்ந்தா வெட்டலையா, நகம் வளர்ந்தா வெட்டலையா?" என்றாள். பொன்னரசி வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் ரீடிங் எடுப்பவள். மீட்டர் என்ன காட்டுகிறதோ அதை அட்டையில் எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்ப் பழகியவளுக்கு, கண்ணால் கண்டதை மறுக்கும் வழக்கமே கிடையாது. தமயந்தி கத்தரிக்கோலை எடுத்து வெட்டினாள். வெட்டியதைச் சுருட்டி ஊசி நூல் டப்பாவில் போட்டாள். அன்றைக்கு அவளுக்கு நாலு ஜாக்கெட் பாக்கி இருந்தது.

அந்தக் கயிறு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு பெண்களும் கடைவீதியில், தையல் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறையில் ஒன்பது வருஷமாக ஒன்றாக இருந்தார்கள். ஊர் அவர்களை அக்கா தங்கச்சி மாதிரி என்றது, சிநேகிதிகள் என்றது, பாவம் ரெண்டுக்கும் ஜாதகத்தில் ஏதோ தோஷம் என்றது, பிறகு வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டது. ஆடிப் பதினெட்டன்று காவிரிப் படித்துறையில் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் பழைய தாலிக்கயிற்றை ஆற்றில் விட்டுப் புதுக் கயிறு மாற்றிக்கொள்வது வழக்கம். கல்யாணமாகாதவர்களும் வரன் வேண்டி ஒரு மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வார்கள். அன்றைக்கு ஒருத்திக்கு இன்னொருத்திதான் கட்டிவிடுவாள். நெரிசலில், ஈரத் தலையோடு, யார் யாருக்குக் கட்டுகிறார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. அந்த நெரிசலுக்குள் இவர்கள் இருவரும் ஆளுக்கொரு விரலி மஞ்சள் கோர்த்த கயிற்றோடு இறங்கினார்கள். பொன்னரசி தமயந்திக்குக் கட்டினாள், தமயந்தி பொன்னரசிக்குக் கட்டினாள். மூன்றாம் முடிச்சு விழுந்த நேரத்தில், கல்யாண மண்டப முதலாளி வைரவமூர்த்தியின் மனைவி பட்டம்மாள், கண்ணாடியைக் கரையில் கழற்றி வைத்துவிட்டுக் குங்குமத் தட்டோடு வரிசையாக எல்லாருக்கும் வைத்துக்கொண்டே வந்தவள், இவர்கள் வகிட்டிலும் வைத்து, அட்சதை தூவி, "தீர்க்க சுமங்கலியா இருங்கடி" என்று வாழ்த்திவிட்டு நகர்ந்தாள். சுற்றி நின்றவர்கள் குலவை போட்டார்கள். முன்னூறு பெண்கள் முன்னிலையில், ஆற்றைச் சாட்சி வைத்து நடந்த கல்யாணம் அது. ஊருக்குத்தான் தெரியாது.

பொன்னரசி கழுத்தில் கிடந்தது கடையில் வாங்கிய கயிறாகவே இருந்தது. தமயந்தியுடையது மட்டும் வளர்ந்தது. ஏன் என்று கேட்க நினைப்பவர்கள் கேட்டுக்கொள்ளலாம். மணற்பாடியில் யாரும் கேட்கவில்லை.

ஊருக்கு விஷயம் தெரிய வழி பிறந்தது ஆவணி முதல் முகூர்த்தத்தில். பட்டம்மாளின் மகளுக்குக் கல்யாணம், சொந்த மண்டபத்தில். தாலி கோர்க்க வைத்திருந்த கயிற்றை எலி கடித்துவிட்டிருந்தது. முகூர்த்தத்துக்கு இன்னும் அரைமணி நேரம்தான், கடை எதுவும் திறக்கவில்லை, பட்டம்மாள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். விருந்துக்கு வந்திருந்த பொன்னரசி மெதுவாக, "எங்க வீட்டுல புதுக் கயிறு இருக்குதுங்க அத்தை" என்றாள். அந்தக் கயிற்றில்தான் தாலி ஏறியது. கயிறு வெளுக்கவில்லை, நைந்து போகவில்லை, மாதம் மூன்றாகியும் மஞ்சள் மங்கவில்லை. எங்கே வாங்கினது என்று பட்டம்மாள் துளைத்தெடுக்க, தமயந்தி கழுத்துக் கயிறு வளர்வதை மட்டும் பொன்னரசி சொல்ல, பட்டம்மாள் மாடிப்படி ஏறி வந்து தமயந்தியின் பிடரியைத் தொட்டுப் பார்த்தாள். முடிச்சைத் தொட்ட கை ஒரு நொடி அங்கேயே நின்றது. பிறகு அவள் தமயந்தியின் முகத்தைப் பார்க்காமலே, "அம்மன் குடுத்தது" என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனாள்.

அவ்வளவுதான், ஊர் அதை எடுத்துக்கொண்டது. கல்யாணமே செய்துகொள்ளாமல் இருக்கும் ஒரு பெண்ணுக்கு அம்மன் இரங்கி, உனக்கில்லாவிட்டாலும் ஊருக்காவது ஆகட்டும் என்று கொடுத்த வரம் அது என்று பேசி முடித்துக் கன்னி நூல் என்று பெயரும் வைத்தார்கள். ஒரு தாலிக்கு இரண்டு முழம் வேண்டும், ஆகவே இரண்டு நாளுக்கு ஒரு கல்யாணம் என்று ஜோசியரைப் பிடித்து முகூர்த்தங்களைத் தள்ளித் தள்ளி வைத்தார்கள். தையில் தட்டுப்பாடு வரும் என்று மார்கழி முழுக்க வெட்டியதைச் சேர்த்து வைத்தார்கள். துண்டு மிஞ்சினால் அதைத் தொட்டிலில் கட்டலாமா, மாட்டுக் கொம்பில் கட்டலாமா, தேர் வடத்தோடு சேர்த்துத் திரிக்கலாமா என்று மூன்று நாள் கூடிப் பேசி, மாட்டுக்கு மட்டும் வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். புருஷனோடு கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்த பெண்களை அம்மாக்கள் இழுத்துக்கொண்டு வந்து, "அளந்து ஒரு முழம் குடு தமயந்தி, இவ புத்தி திரும்பட்டும்" என்றார்கள். தமயந்தி அளந்து கொடுத்தாள். காலையில் எழுந்ததும் கண்ணாடி முன்னால் டேப்பைப் பிடித்து, வெட்டி, சுருட்டி, வாசலில் நிற்பவர்களிடம் கொடுத்துவிட்டுத்தான் காபி குடித்தாள். பொன்னரசி பக்கத்தில் நின்று சிரிப்பாள். "ஊருக்கே நம்ம கயிறுதான் தமா. எந்த வீட்டுக்கு ரீடிங் எடுக்கப் போனாலும் நம்ம கயிறு கதவைத் திறக்குது" என்பாள்.

அந்தச் சமயத்தில்தான் டில்லிப் பெரிய கோர்ட்டில் ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் கல்யாணம் செய்துகொள்வதைச் சட்டம் ஏற்குமா என்ற வழக்கு நடந்து, சட்டம் போடுவது எங்கள் வேலையில்லை என்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள் என்று டிவியில் வந்தது. டீக்கடையில் ஒரு வாரம் அதே பேச்சு. மண்டப முதலாளி வைரவமூர்த்தி சொல்லி வைத்த கயிறு வாங்க வந்தவர், தமயந்தியின் கடை ஸ்டூலில் உட்கார்ந்து அதையே பேசினார்.

"நல்லவேளை தப்பிச்சோம். அதுக்கெல்லாம் சட்டம் வந்துட்டா கல்யாணங்கறதுக்கே அர்த்தம் இருக்காதும்மா. பரம்பரையா வந்த ஒண்ணு அப்படியே பொலபொலன்னு உதிர்ந்து போயிடும். அப்புறம் எவன் தாலி கட்டுவான், எவ கட்டிக்குவா?"

தமயந்தி அளந்த கயிற்றைத் தாளில் மடித்துக்கொண்டே, "இந்தக் கயித்துல கட்டின கல்யாணம் எதாவது கெட்டுப் போச்சுங்களா ஐயா?" என்று கேட்டாள்.

"சேச்சே. வாயைக் கழுவு. ஒண்ணாவது? முப்பது கல்யாணம், முப்பதும் முத்தாட்டம் இருக்குது. அம்மன் குடுத்த கயிறாச்சே."

அவளுக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. இது ஒரு பொண்ணு எனக்குக் கட்டின தாலியிலிருந்து வந்த கயிறு ஐயா, உங்க மக கழுத்துல கிடக்கறதும் அதுதான் என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. சொன்னால் நாளைக்கே கடையும் வீடும் இருக்காது. தாளை மடித்து நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். அன்று முழுக்க அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது.

பொன்னரசிதான் துணிந்தாள். "கேட்டுத்தான் பாப்போமே தமா, கேட்டா அடிச்சுடுவாங்களா?" என்று ஒரு புதன்கிழமை அவளைப் பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே இருந்த கிளார்க் ஞானசேகர் நல்ல மனிதர். இருவரையும் உட்காரச் சொல்லி, கதவைச் சாத்தி, கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார்.

"பாருங்கம்மா, இந்தப் பக்கம் மணமகன், இந்தப் பக்கம் மணமகள். ரெண்டு பக்கமும் பெண்ணுன்னு போட்டா செகப்பா எழுத்து வருது, அடுத்த பக்கத்துக்கே போக மாட்டேங்குது. எனக்கு ஒண்ணும் இல்லைங்க. என் வீட்டுக்காரம்மா கழுத்துல கிடக்கறதே உங்க கயிறுதான். ஆனா நான் என்ன பண்ணட்டும், இந்தப் பொட்டி ஏத்துக்கணுமே?"

அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். காபி வரவழைத்துக் கொடுத்தார். அவர்கள் குடித்துவிட்டு வந்தார்கள். விஷயம் சாயங்காலத்துக்குள் ஊருக்குப் போய்விட்டது, ஆனால் ஊர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காதில் போட்டுக்கொண்டால் கயிறு என்னாவது? மறுநாள் காலையிலும் வாசலில் ஏழு பேர் நின்றார்கள், ஒருவர்கூட அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

இப்படி இரண்டு வருஷம் போனது. ஒரு பங்குனிக் காலையில், மேலத்தெருவில் மீட்டர் உயரத்தில் மாட்டியிருந்த ஒரு வீட்டில், ஸ்டூல் மேல் ஏறி ரீடிங் பார்த்த பொன்னரசி கால் இடறிப் பின்பக்கமாக விழுந்தாள். படிக்கல்லில் தலை அடித்தது. ரத்தமே வரவில்லை, அதனால் ஒன்றுமில்லை என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். பேசிக்கொண்டே இருந்தவளுக்கு வாய் குழறியது. திருச்சியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது மணி பத்தரை. தலைக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது, உடனே திறந்தாக வேண்டும், கையெழுத்து வேண்டும் என்று நர்ஸ் ஒரு தாளோடு வந்தாள்.

"நீங்க பேஷண்டுக்கு யாரு?"

தமயந்தி வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு மூச்சில், "நான் அவளைக் கட்டிக்கிட்டவ" என்றாள்.

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். கோபப்படவில்லை. "அக்கா, நேரமாகுது. புருஷன் இருக்காரா? இல்ல அப்பா, அம்மா, கூடப் பொறந்தவங்க? யாரையாவது வரச் சொல்லுங்க" என்றாள்.

கூடப் பிறந்த அண்ணன் கருணாகரன் பவானியில் இருந்தான். ஒன்பது வருஷத்துக்கு மேலாகப் பேச்சு இல்லை. தமயந்தி போன் போட்டு அழுதாள், அவன் உடனே கிளம்பினான். பஸ் ஏறி அவன் வந்து சேர்வதற்குள், கண்ணாடிக் கதவுக்கு உள்ளே போய் ஒரு தடவை முகத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவள் செக்யூரிட்டியிடம் கெஞ்சினாள். அவர் மணற்பாடிக்கு அடுத்த ஊர்க்காரர். அன்று வெட்டாமல் விட்டதில் அவள் கழுத்திலிருந்து மடியில் விழுந்து கிடந்த கயிற்றைப் பார்த்ததும் ஆளை அடையாளம் கண்டு, பதறி, செருப்பைக் கழற்றிவிட்டு, நுனியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "எம் மக கல்யாணத்துக்கு நீங்கதான்மா குடுத்தீங்க. மகராசியா இருக்குறா" என்றார். சொல்லிவிட்டு, "ஆனா சொந்தக்காரங்களை மட்டுந்தாம்மா விடச் சொல்லியிருக்காங்க" என்று கதவை மறித்துக்கொண்டே நின்றார். அவள் அவர் காலில் விழுந்தாள். அவர் அவள் காலில் விழுந்தார். கதவு மூடியே இருந்தது.

கருணாகரன் மூன்று மணிக்கு வந்து கையெழுத்துப் போட்டான். நாலரைக்குப் பொன்னரசி போய்விட்டாள். காலையிலேயே திறந்திருந்தால் ஒருவேளை, என்று டாக்டர் சொன்னார், சொன்னதும் அண்ணனிடம்தான். ஸ்கேனுக்காகக் கழற்றிய விரலி மஞ்சள் கயிற்றை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு அவனிடமே கொடுத்தார்கள். அவன் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் குப்பைக் கூடையில் போட்டான். கெட்டவன் இல்லை அவன், தங்கச்சி தங்கச்சி என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான். "உங்களுக்குப் புண்ணியமா போவுதுங்க, இத்தனை வருஷம் தொணையா இருந்தீங்க" என்று தமயந்தியைக் கும்பிட்டான். பிணத்தை ஏற்றிய வண்டியில் இடமில்லை என்று அவளை விட்டுவிட்டுப் பவானிக்குப் போனான்.

பிறகு நடந்ததை அவள் பிறர் சொல்லித்தான் கேட்டாள். கல்யாணமாகாமல் செத்த பெண்ணைக் கன்னியாகவே அனுப்பக் கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். வாசலில் ஒரு வாழைக்கன்றை வெட்டி வந்து மாப்பிள்ளையாக நிறுத்தி, வேட்டி சுற்றி, அதன் பேரில் பொன்னரசியின் கழுத்தில் ஒரு தாலி கட்டி, கல்யாணத்தை முடித்துத்தான் எடுத்தார்கள். நல்ல கயிறாக இருக்கட்டும் என்று உறவுக்காரப் பெண் ஒருத்தி தன் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த கன்னி நூலைக் கொடுத்தாளாம். வாழைக்குக் கட்டிக் கொடுக்கலாம், தமயந்திக்குக் கூடாது. அதைக் கேட்டபோது அவளுக்கு அழுகை வரவில்லை. சிரிப்பு மாதிரி ஏதோ வந்து, அதுவும் பாதியிலேயே நின்றுபோனது.

அவள் கயிறு மட்டும் வளர்ந்துகொண்டே இருந்தது. வெட்ட அவளுக்கு மனம் வரவில்லை. வாசலுக்கு யாரும் வரவுமில்லை. நாலாம் நாள் அறைக் கதவைத் தொட்டது, ஏழாம் நாள் மாடிப்படியில் இறங்கியது. ஊருக்கு அப்போதுதான் ஒரு பயம் பிடித்தது. முதலில் மெதுவாகத்தான் ஆரம்பித்தது, பிறகு குழாயடியில், பிறகு கோயிலில். அவளுக்கு இனி யாரும் இல்லையே. அவள் கழுத்தில் அந்தக் கயிறு இன்னமும் கிடக்கலாமா? அறுக்க வேண்டியதை அறுக்காமல் விட்டால், அதிலிருந்து வந்த கயிற்றைக் கட்டியிருக்கும் தங்கள் புருஷன்மார் கதி என்ன? ரெண்டு வருஷமாக எதைத் தெரிந்துகொள்ளாமல் இருந்தார்களோ அது ஒரே வாரத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

பத்தாம் நாள் காலையில் பெண்கள் வந்தார்கள். முப்பது பேருக்கு மேல் இருக்கும். ஒரு சொம்பில் பால், ஒரு தட்டில் வெள்ளைத் துணி, முன்னால் பட்டம்மாள். படிக்கட்டில் கிடந்த கயிற்றை மிதிக்காமல் சுவரோரமாக ஒட்டி ஒட்டி ஏறி வந்து அறைக்குள் நின்றார்கள். தமயந்தி தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன எல்லாரும் சேர்ந்து வந்திருக்கீங்க?"

"பத்தாம் நாளுடி தமயந்தி" என்றாள் பட்டம்மாள். "செய்ய வேண்டியதைச் செஞ்சுடணும்."

"எதை?"

"கயித்தை எறக்கணும்."

தமயந்தி அவர்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். ஒவ்வொருவருக்கும் ஜாக்கெட் தைத்தவள் அவள், கழுத்தளவு முதல் அவளுக்கு மனப்பாடம். "எதுக்கு எறக்கணும்? யாரு செத்தாங்க?"

"இது என்னடி கேள்வி. பொன்னரசி செத்துட்டா."

"பொன்னரசி எனக்கு யாரு?"

பின்னால் நின்றவர்கள் கதவுப் பக்கம் ஒதுங்கினார்கள்.

"சிநேகிதி செத்தா தாலி அறுப்பீங்களா? தங்கச்சி செத்தா அறுப்பீங்களா? எந்த ஊர்ல அந்த வழக்கம்? ஆபீஸ்ல கேட்டேன், கட்டம் இல்லைன்னாங்க. ஆஸ்பத்திரியில கேட்டேன், யாருன்னாங்க. நீங்க சொல்லுங்க. அவ எனக்கு யாருன்னு ஒருத்தி வாயால சொல்லுங்க, நானே கத்தரிக்கோலை எடுத்துத் தரேன். சொல்ல முடியலைன்னா போயிடுங்க. இந்தக் கயிறு காவிரி வரைக்கும் போனாலும் நான் அறுக்க மாட்டேன்."

அவர்கள் நின்றார்கள். வெயில் ஜன்னலுக்கு வந்தது. கீழே யாரோ சைக்கிளை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருத்தி தட்டிலிருந்த வெள்ளைத் துணியைச் சரிசெய்தாள். இன்னொருத்தி தன் கழுத்துக் கயிற்றை இறுக்கப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பால் சொம்பு கை மாறி கை மாறி நின்றது. தமயந்திக்கு மனசுக்குள் ஒரு தைரியம்கூட வந்துவிட்டது. இவர்களால் சொல்ல முடியாது, சொல்லவே மாட்டார்கள், அப்படியானால் கயிறு தன்னோடு இருக்கும் என்று நினைத்தாள்.

பட்டம்மாள் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவள் எதிரே உட்கார்ந்தாள். கண்ணாடியைக் கழற்றினாள்.

"அவ உன்னைக் கட்டினவடி" என்றாள். "நீ அவளைக் கட்டினவ. படித்துறையில நான் பாக்கலைன்னு நெனச்சியா? அன்னிக்குப் பாக்கலை. இந்த வீட்டுக்கு வந்து முடிச்சைத் தொட்டப்ப எனக்குத் தெரிஞ்சு போச்சு. பொறத்தியார் போட்ட முடிச்சு அப்படி இருக்காது. நாப்பது வருஷமா கட்டிக்கிட்டு இருக்கறவளுக்குத் தெரியாதா? என் கையாலதானே ரெண்டு பேருக்கும் குங்குமம் வச்சேன். எம் மக வாழ்க்கை கெட்டுடக் கூடாதுன்னு வாயை மூடிக்கிட்டேன். அவ உன் வாழ்க்கைத் துணைடி தமயந்தி. உன்னை விட்டுட்டுப் போயிட்டா."

சுற்றி நின்ற பெண்கள் அத்தனை பேரும், அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்து, "ஐயோ உன்னைக் கட்டினவ போயிட்டாளே, உன்னைத் தனியா விட்டுட்டாளே" என்று மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். பொன்னரசிக்கு அப்போதுதான் முறையாக அழுதார்கள். தமயந்தி பதினோரு வருஷமாகக் கேட்கக் காத்திருந்த சொல் அது. அதை முப்பது வாயால் கேட்டாள். கேட்டதும் அவளுக்குப் புரிந்துவிட்டது, இனித் தப்ப வழியில்லை. மறுத்தால் அந்தச் சொல் பொய்யாகிவிடும். சிநேகிதிதான், அக்கா தங்கச்சிதான் என்று அவளே சொன்ன மாதிரி ஆகிவிடும். அவள் எழுந்து, மெஷின் மேலிருந்த கத்தரிக்கோலை எடுத்துப் பட்டம்மாள் கையில் கொடுத்துவிட்டு, தலையைக் குனிந்தாள்.

பட்டம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். மூன்று முடிச்சையும் விட்டுக் கொஞ்சம் மேலே வெட்டினாள். கயிற்றைப் பாலில் போட்டார்கள். படிக்கட்டில் கிடந்ததைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய் ஆற்றில் விட்டார்கள்.

மறுநாள் காலையில் மணற்பாடிப் பெண்கள் கண் விழித்ததும் முதலில் தங்கள் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது, மஞ்சள்கூட மங்கவில்லை. பக்கத்தில் புருஷன்மார் குறட்டை விட்டார்கள், சிலர் காபி எங்கே என்று சத்தம் போட்டார்கள். வைரவமூர்த்தி மண்டபத்தில் முகூர்த்தத்துக்கு மேளம் ஆரம்பித்தது. கடைக்கு மேலே ஒற்றை அறையில் தமயந்தி எழுந்து, பழக்கத்தில் கண்ணாடி முன்னால் போய் நின்று, ஒரு கையில் டேப்பைப் பிடித்து, இன்னொரு கையைப் பிடரிக்குக் கொண்டு போனாள். அங்கே ஒன்றும் இல்லை. கையை எடுக்காமல் அப்படியே நின்றாள், மேளம் முடிகிறவரை.